என்விடிஏ பழக: முதலில் குரல், அப்புறம் கட்டளை

பார்வை இல்லாத ஒருவர் கணினி கற்கப் போகிறேன் என்று சொன்ன மறுநாளே யாராவது ஒரு நீளமான ஷார்ட்கட் பட்டியலை அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து உருப்போட்டேன், நான்காம் நாள் ஒரு மெயிலைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பட்டியலைத் தள்ளி வையுங்கள். முதலில் குரலை உங்கள் காதுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை ஒவ்வொரு வேலையோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே நான் சொல்வதெல்லாம் விண்டோஸில் இயங்கும் என்விடிஏ பற்றி, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-இல் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார், இருவருமே பார்வையற்றவர்கள். நம் சிக்கல் தெரிந்தவர்கள் செய்தது என்பது பயன்படுத்தும்போது தெரியும். காசு கிடையாது, அதுவே நம்மில் பலருக்குப் பெரிய விஷயம். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பு மென்பொருளைப் பழகியவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

கையை எங்கே வைப்பது என்பதில் தொடங்கலாம். எஃப், ஜே இரண்டு கீக்களிலும் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்கள் அங்கேதான் குடியிருக்க வேண்டும். வலது பக்க எண் பலகையில் 5-இன் மேல் இன்னொரு மேடு. மேலே எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ள வரிசை டெஸ்க்டாப் கீபோர்டில் நான்கு நான்காகப் பிரிந்து இடைவெளியோடு இருக்கும், அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்தே எஃப்5 எது, எஃப்9 எது என்று சொல்லிவிடலாம். லேப்டாப்பில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. முடிந்தால் சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை வாங்கி லேப்டாப்பில் செருகிப் பழகுங்கள்.

அடுத்தது என்விடிஏ கீ. பெரும்பாலான கட்டளைகளில் இதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கீயைத் தட்ட வேண்டும். இயல்பாக அது இன்சர்ட். லேப்டாப்பில் இன்சர்ட் ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், அதனால் என்விடிஏ + கன்ட்ரோல் + கே அழுத்தி கீபோர்டு செட்டிங்ஸுக்குப் போய் கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ கீயாகச் சேர்த்துவிடுங்கள். உண்மையான கேப்ஸ் லாக் வேண்டுமென்றால் அதை வேகமாக இரண்டு முறை தட்டினால் போதும். அதே இடத்தில் டெஸ்க்டாப், லேப்டாப் என்று இரண்டு கீபோர்டு அமைப்புகள் இருக்கும். எண் பலகை இல்லாத மெஷின் என்றால் லேப்டாப் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் நண்பர் சொல்லும் பாதிக் கட்டளைகள் உங்களிடம் வேலை செய்யாது, என்ன தவறு என்றும் புரியாது.

இப்போது குரல். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் முதல் நாள் தகரத்தைத் தட்டுவதுபோலக் கேட்கும். பலர் அங்கேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட அது தெளிவாகவே இருக்கும், கீயைத் தட்டியதும் உடனே பேசும், தமிழும் வாசிக்கும். தமிழ்க் குரலை வைத்திருந்தாலும் நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலமாகவே சொல்லிவிடும். மனிதக் குரல்போல வேண்டும் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைப் பேச்சு வசதியோடு சேருங்கள், வள்ளுவர் என்ற ஆண் குரல் கிடைக்கும். என்விடிஏ + கன்ட்ரோல் + எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களுக்கு மாற்றினால் அது வரும். கதை, கட்டுரை வாசிக்க எனக்கு வள்ளுவர் பிடிக்கும். வேலைக்கு ஈஸ்பீக்தான்.

வேகத்தை மாற்ற மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. என்விடிஏ + கன்ட்ரோல் பிடித்துக்கொண்டு இடது, வலது அம்புக்குறிகளால் குரல், வேகம், சுருதி, ஒலியளவு என்று மாறலாம், மேல், கீழ் அம்புக்குறிகளால் கூட்டிக் குறைக்கலாம். லேப்டாப் அமைப்பில் இதோடு ஷிஃப்டும் சேரும். வாரத்துக்கு ஒரு படி மட்டும் கூட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் புயல் வேகத்தில் கேட்கிறாரே என்று ஒரே நாளில் தாவாதீர்கள், காது தானாகப் பழகும். கூடவே என்விடிஏ + 2 அழுத்தினால் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்வது, என்விடிஏ + 3 அழுத்தினால் சொல்லாகச் சொல்வது மாறும். புதிதாகத் தட்டச்சு பழகுபவர் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். வேகம் வந்தபின் எழுத்தை நிறுத்திவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் தலைவலி குறையும்.

குரல் அமைந்துவிட்டதா? சரி, இனி பயமில்லாமல் கீக்களைத் தட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். என்விடிஏ + 1 அதற்குத்தான். அதை அழுத்தியபின் எந்தக் கீயைத் தட்டினாலும் அதன் பெயரையும், அது என்ன செய்யும் என்பதையும் மட்டும் சொல்லும், எதையும் செய்யாது. ஃபைல் அழியாது, விண்டோ மூடாது. நான் முதல் வாரம் முழுக்க இதிலேயே கிடந்தேன், இன்றும் ஒரு புதிய கீபோர்டு கைக்கு வந்தால் முதலில் இதைத்தான் அழுத்துகிறேன். வெளியே வர மறுபடி என்விடிஏ + 1.

அப்புறம் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போவது. இது எல்லோருக்கும் தினமும் நடக்கும். டைட்டிலைக் கேட்க என்விடிஏ + டி (T), கர்சர் எதன்மேல் நிற்கிறது என்று கேட்க என்விடிஏ + டேப், அந்த விண்டோ முழுவதையும் வாசிக்க என்விடிஏ + பி (B). இந்த மூன்றும் விரலில் ஏறிவிட்டால் “வந்து திரையைப் பாரேன்” என்று யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது. பேச்சை நிறுத்த கன்ட்ரோல், இடையில் நிறுத்தி அதே இடத்திலிருந்து தொடர ஷிஃப்ட்.

திடீரென்று குரலே வரவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் கை தவறி என்விடிஏ + எஸ் பட்டிருக்கும், அது பேச்சு முறையை மாற்றும் கட்டளை. பேச்சு திரும்பும் வரை அதையே மறுபடி மறுபடி அழுத்துங்கள். ஒரே ஒரு மென்பொருளுக்குள் மட்டும் பேசவில்லை என்றால் ஸ்லீப் மோட் ஆகியிருக்கலாம், அதாவது அந்த மென்பொருளில் மட்டும் என்விடிஏ தூங்கிவிடும் நிலை. அதை மாற்ற என்விடிஏ + ஷிஃப்ட் + எஸ், லேப்டாப் அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். என்விடிஏவே நின்றுபோயிருந்தால் கன்ட்ரோல் + ஆல்ட் + என். அதுவும் வரவில்லையா, விண்டோஸ் + கன்ட்ரோல் + என்டர் அழுத்தி விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பு மென்பொருளான நரேட்டரை எழுப்பி அதன் உதவியோடு சரிசெய்யலாம்.

இணையத்துக்கு வருவோம். புதியவர்கள் கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பக்கம் முழுவதையும் கேட்கிறார்கள், சலித்துப்போகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது பெரிய கட்டுரையைத் திறந்துகொள்ளுங்கள், தஞ்சைப் பெரிய கோயில் என்றே வையுங்கள். எச் தட்டினால் அடுத்த தலைப்பு, ஷிஃப்டோடு தட்டினால் முந்தைய தலைப்பு. 2 என்ற எண்ணைத் தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளில் மட்டும் தாவும், கட்டுரையின் பெரும்பகுதிகள் எல்லாம் அந்த நிலையில்தான் இருக்கும். வேண்டிய பகுதி வந்ததும் என்விடிஏ + கீழ் அம்புக்குறி, நிறுத்தாமல் வாசிக்கும். லேப்டாப் அமைப்பில் என்விடிஏ + ஏ. லிங்க்குக்கு கே, பட்டனுக்கு பி, எழுதும் பெட்டிக்கு ஈ, டேபிளுக்கு டி. என்விடிஏ + எஃப்7 எல்லா லிங்க்குகளையும் தலைப்புகளையும் ஒரு பட்டியலாகத் தரும், முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாலே போய் நிற்கலாம்.

டேபிளுக்குள் வெறும் அம்புக்குறியால் போகாதீர்கள். தேர்வு அட்டவணையில் தேதி எது, பாடம் எது என்று குழம்பிவிடும். கன்ட்ரோல் + ஆல்ட் + அம்புக்குறி அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரும், பக்கத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் ஒவ்வொரு கட்டத்தோடும் அதன் தலைப்பையும் சொல்லும்.

விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அதிகம் தடுமாறுவோம். எழுதலாம் என்று தட்டினால் பக்கம் எங்கோ தாவுகிறது, தாவலாம் என்று தட்டினால் பெட்டிக்குள் எச் எச் என்று விழுகிறது. காரணம், பக்கத்தைப் படிக்கும் நிலை வேறு, பெட்டியில் எழுதும் நிலை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற என்விடிஏ + ஸ்பேஸ், மாறும்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி வரும். அந்த இரண்டு ஒலிகளையும் பத்து முறை மாற்றி மாற்றிக் கேட்டு மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்று பிடிபட்டால் பாதி இணையம் பிடிபட்ட மாதிரி.

தமிழில் எழுதுவதில் ஒரு நுணுக்கம். விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தித் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறைக்கு மாறி எழுதுகிறீர்கள், ‘கோ’ என்று தவறாக அடித்துவிட்டீர்கள். பேக்ஸ்பேஸ் ஒரு முறை தட்டினால் ‘கோ’ முழுவதும் போகாது, ஓகாரக் குறி மட்டும் போய் ‘க’ நிற்கும். இது தெரியாமல் எழுத்து போய்விட்டது என்று நினைத்து மேலே எழுதினால் சொல் கெட்டுவிடும். அதனால் திருத்தியதும் அந்தச் சொல்லை ஒரு முறை கேளுங்கள். எண் பலகையில் நம்லாக் (Num Lock) கீயை அணைத்துவிட்டு 5 தட்டினால் சொல்லைச் சொல்லும், வேகமாக இரண்டு முறை தட்டினால் எழுத்து எழுத்தாகச் சொல்லும். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரிப்பது கடினம், அங்கே விரலின் நினைவைத்தான் நம்ப வேண்டும், அதனால் தட்டச்சைச் சரியான விரல்களில் பழகுவது நமக்கு மற்றவர்களைவிட அவசியம்.

இன்னொரு தொல்லை நம் தமிழுக்கே உரியது. ஒரு முறை ஓர் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைத் திறந்தேன், என்விடிஏ பொருளே இல்லாத ஆங்கில எழுத்துகளாக வாசித்தது. என் செட்டிங்ஸில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கோளாறு ஃபைலில். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி (P), ஓ, செமிகோலன் என்று இருக்கும், என்விடிஏ அதைத்தானே வாசிக்க முடியும்? இப்படிக் கேட்டால் குரலை மாற்றிப் பயனில்லை. அந்த வரிகளை நகலெடுத்து ஓர் எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக, அதாவது உள்ளேயும் உண்மையான தமிழ் எழுத்தாக, மாற்றிக் கேளுங்கள். ஒன்றுமே வாசிக்கவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம், அதை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழையும் எழுத்தாக்கித் தரும். ஃபைல் அனுப்பியவரிடம் யூனிகோடில் அனுப்பும்படி கேட்கவும் தயங்காதீர்கள், பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

எல்லாம் மனதுக்குப் பிடித்தபடி அமைந்ததும் என்விடிஏ + கன்ட்ரோல் + சி அழுத்திச் சேமியுங்கள். பிறகு எதையாவது மாற்றிக் குழப்பிவிட்டால் என்விடிஏ + கன்ட்ரோல் + ஆர் ஒரு முறை தட்டுங்கள், சேமித்த நிலைக்குத் திரும்பிவிடும். மூன்று முறை வேகமாகத் தட்டினால் நிறுவிய அன்றைய நிலைக்கே போய்விடும், எனவே நிதானமாக ஒரே முறை. கடைசியாக, டூல்ஸ் மெனுவில் போர்ட்டபிள் நகல் உருவாக்கும் வசதி இருக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் போட்டு, உங்கள் செட்டிங்ஸையும் சேர்த்தே நகலெடுத்து, பையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ பென் டிரைவ் போட அனுமதித்தால், அங்கே எதையும் நிறுவாமலே உங்கள் வேகத்தில், உங்கள் குரலில் வேலையைத் தொடங்கலாம்.