‘அழி’ என்றால் எந்த அழி? டிலீட், ரிமூவ், ஹைட் குழப்பத்துக்கு நான் கண்ட வழி

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கேரள எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், கூலிக் கணக்கு எல்லாம் பார்த்துத் தருவேன். ஒரு தேங்காய் மண்டியின் ஆள் கணக்கு எக்செல் ஷீட்டாக என்னிடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை கொச்சியிலிருந்து அவர்களுடைய கணக்குப்பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினார். இந்த வாரப் பட்டியலிலிருந்து நாலு பேரை ‘ரிமூவ்’ செய்யவும் என்பது சாரம். நானும் நாலு வரிசையையும் டிலீட் செய்தேன், சேவ் கொடுத்தேன், ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை போன். “சேட்டா, அந்த நாலு பேரோட பேங்க் நம்பர் எங்கே?” அவர்கள் அந்த வாரம் வேலைக்கு வரவில்லை, அதனால் அந்த வாரப் பட்டியலில் மட்டும் வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். நான் ஆளையே ஒழித்துக்கட்டியிருந்தேன். நாலு வீட்டுக்கும் பைக்கில் போய் பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து வந்து மறுபடி அடித்தேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ரிமூவ் என்றாலும் அழி, டிலீட் என்றாலும் அழி, எரேஸ் என்றாலும் அழி என்று படித்ததுதான் வினை. உங்களுக்கும் அப்படித்தான் மனப்பாடம் ஆகியிருந்தால், கீழே உள்ளபடி செய்து பாருங்கள்.

முதலில், தமிழ் அர்த்தத்தை மூடி வையுங்கள்

ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் மட்டும் காட்டும் ஆப்கள் இந்த வேலைக்கு உதவாது. ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி இணையத்தில் இலவசம். அதில் பொருளைக்கூட விடுங்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடுத்த சாமான் இன்னும் எங்காவது இருக்கிறதா? இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

எங்கள் ஊரில் இந்தக் குழப்பம் ஆங்கிலத்துக்கு முன்பே உண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் “போர்டை அழி” என்றதும், புதிதாகச் சேர்ந்த மலையாளப் பையன் ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டை ஆணியிலிருந்து கழற்றப் போனான். மலையாளத்தில் அழிப்பது என்றால் அவிழ்ப்பது, கழற்றுவது. எழுத்தை அழிக்க அவர்கள் ‘மாய்க்குக’ என்பார்கள். நமக்கோ மாய்ப்பது என்றால் உயிர் போகிற சமாச்சாரம்.

என் காலை வாரிய இடம்: ரிமூவும் டிலீட்டும்

கோவில் வாசலில் செருப்பை ‘ரிமூவ்’ செய்யவும் என்று எழுதியிருப்பார்கள். யாரும் செருப்பை ‘டிலீட்’ செய்யச் சொல்வதில்லை. செருப்பு வெளியே பத்திரமாக இருக்கும் (பெரும்பாலும்). ரிமூவ் என்றால் ஓர் இடத்திலிருந்து எடுப்பது. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் “எங்கிருந்து?” என்று கேளுங்கள். பட்டியலிலிருந்தா, குரூப்பிலிருந்தா, ஹோம் ஸ்கிரீனிலிருந்தா? வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒருவரை ரிமூவ் செய்தால் அவர் குரூப்பில் இல்லை, ஊரில் இருக்கிறார். போனில் ஓர் ஆப்பை ஹோம் ஸ்கிரீனிலிருந்து ரிமூவ் செய்தாலும் ஆப் உள்ளேயே கிடக்கும். அது போக வேண்டுமானால் அன்இன்ஸ்டால்.

டிலீட் எழுத்துக்கும் கோப்புக்கும் பதிவுக்கும் வரும் சொல். சட்டைக் கறையை யாரும் டிலீட் செய்வதில்லை, அதற்கு ரிமூவ்தான். டிலீட் செய்தது உடனே ஒழிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஜிமெயிலில் டிலீட் செய்த மெயில் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் ‘டிலீட் ஃபார் மீ’ கொடுத்தால் உங்கள் போனில் மட்டும் போகும், எதிராளி நிதானமாகப் படித்துக்கொண்டிருப்பார். ‘டிலீட் ஃபார் எவ்ரிஒன்’ கொடுத்தால் செய்தி போகும், ஆனால் ஏதோ ஒன்று அழிக்கப்பட்டது என்ற அறிவிப்பு அங்கேயே நிற்கும்.

எக்செல்லில் இன்னொரு கூத்து. கீபோர்டில் உள்ள டிலீட் கட்டையைத் தட்டினால் கட்டத்துக்குள் இருப்பது மட்டும் போகும், வரிசை வெறுமையாக நிற்கும். மெனுவில் அதற்குப் பெயர் ‘கிளியர் கன்டென்ட்ஸ்’. வரிசை எண்மேல் ரைட் கிளிக் செய்து டிலீட் கொடுத்தால்தான் வரிசையே போகும். அன்று நான் செய்திருக்க வேண்டியது ‘ஹைட்’. வரிசை எண் 7க்கு அப்புறம் 12 என்று தாவினால், நடுவில் நாலு வரிசை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். வேண்டும்போது ‘அன்ஹைட்’ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஹைட், கன்சீல்

ஹைட், ஹிட், ஹிடன். ‘ஹைடட்’ என்று ஒன்று கிடையாது. கதவுக்குப் பின்னால் தானாக ஒளிந்துகொள்வதற்கும் ஹைட்தான், சாவியை ஒளித்துவைப்பதற்கும் ஹைட்தான். கன்சீல் அப்படித் தனியாக வராது, எதை மறைத்தார் என்று சொல்லியாக வேண்டும். பேச்சில் கன்சீல் கொஞ்சம் விறைப்பு. ஆனால் வீடு கட்டியவர்களுக்கு அது பழகிய சொல்தான்: சுவருக்குள் பைப் பதித்துப் பூசுவது கன்சீல்டு வயரிங்.

எரேஸ், ரப், வைப்

எரேஸ் லத்தீனில் சுரண்டி எடுப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. முகம் மழிக்கும் ரேஸருக்கும் அதே வேர். பென்சில் எழுத்து, பலகை எழுத்து, பதிவு செய்த ஒலி இவற்றுக்கு எரேஸ். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பென்சில் கோட்டைத் துடைத்தெடுக்க ஒரு பொருள் அருமையாக உதவுகிறது என்று எழுதிவைத்தார். தேய்ப்பது ‘ரப்’, ஆகவே அது ரப்பர். அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் கடையில் ரப்பர் கேட்காதீர்கள், ஆணுறையை நீட்டுவார்கள். அங்கே எரேசர்.

வைப் என்றால் துணியால் துடைப்பது. போனை விற்கும்முன் உள்ளே இருப்பதையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் துடைப்பதும் வைப்.

கேன்சல்

கேன்சல்டு செக் கேட்டால் வைட்னர் தடவிக் கொண்டுவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைட்னரைக் கண்டாலே எனக்கு ஆகாது. இரண்டு குறுக்குக் கோடு, நடுவில் ‘கேன்சல்டு’ என்ற சொல், போதும். கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் செக்கையே கேட்கிறார்கள். கேன்சலின் லத்தீன் மூலத்துக்குக் கிராதி என்று பொருள். எழுதியதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் கம்பி அழி மாதிரி இருக்கும் அல்லவா? மலையாளிகள் ஜெயிலுக்குப் போவதை ‘அழியெண்ணுக’ என்பது இந்தக் கம்பியை வைத்துத்தான். நம்முடைய அழிப்பு வேறு, இந்த அழி வேறு.

விண்ணப்பத்தில் பொருந்தாததை ‘ஸ்ட்ரைக் அவுட்’ செய்யச் சொன்னாலும் இதே கதைதான். ஒற்றைக் கோடு போடுங்கள், கிறுக்கி மூடாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த வேலந்தாவளத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டது: “அண்ணா, ஆதார் எண்மேல கறுப்புக் கட்டம் போட்டு பிடிஎஃப் அனுப்பினேன். அவங்க கட்டத்தைக் கிளிக் செய்து நகர்த்திட்டாங்க. அது ஹைடா, டிலீட்டா?”

அது ‘கவர்’ மட்டும்தான் தங்கச்சி, பாத்திரத்துக்குத் தட்டு போட்டு மூடுவது மாதிரி. அடியில் உள்ள எழுத்தும் சேர்ந்து போனால் அதற்கு ‘ரிடாக்ட்’ என்று பெயர். அதற்கான வசதி உள்ள மென்பொருள் கைவசம் இல்லையென்றால் பிரின்ட் எடுத்து, மார்க்கரால் முன்னும் பின்னும் பட்டையாக அடித்து, ஸ்கேன் செய்யுங்கள். ஆதாருக்கு அதுவும் தேவையில்லை. ஆதார் வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்யுங்கள். 12 இலக்கத்தில் முதல் 8க்கு முகமூடி விழும், கடைசி 4 மட்டும் தெரியும்.