வைரக் கலத்தில் உருகுநிலை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைரக் கலம் (டைமண்ட் அன்வில் செல்) என்பது இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மாதிரியை நசுக்கும் கருவி; அதிலேயே லேசரால் மாதிரியைச் சூடாக்குவோம். லேசர் குவியம் விலகுவது, மாதிரி உட்காரும் கேஸ்கெட் தகட்டின் துளை நடுவில் இல்லாமல் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உடனே தெரிந்துவிடும். டைமண்ட் அன்வில் செல்லுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு. இவற்றைச் செய்தாலும் தரவு அழகாகவே இருக்கும்.

பரப்பு அசைந்தால் உருகிவிட்டது என்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஒரு மாணவர் வீடியோவோடு ஓடிவந்தார். லேசர் பட்ட இரும்பின் மேல் புள்ளிகள் நெளிகின்றன. "உருகிடுச்சு சார்!" வரைபடத்தில் புள்ளியும் வைத்தாயிற்று. அதே அழுத்தத்தில், அணுக்களின் அடுக்கைக் காட்டும் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் எடுத்தோம். படிகப் புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. திரவத்துக்கு உரிய அகன்ற, மங்கலான வளையம் எங்கும் இல்லை. இரும்பு திடமாகவே இருந்தபடி வேகமாக மறுபடிகமாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதனால் வரும் பிழை சின்னதல்ல. பூமியின் உட்கரு எல்லையில், அதாவது 330 ஜிகாபாஸ்கலில், இரும்பின் உருகுநிலை சுமார் 4850 கெல்வின் என்று 1993இல் போலர் கணித்தார். 2013இல் அன்செல்லினி குழு திரவ வளையத்தையே அடையாளமாக வைத்து 200 ஜிகாபாஸ்கல் வரை அளந்தது. அங்கிருந்து நீட்டிக் கணித்தபோது வந்தது 6230 கெல்வின், பிழை 500. போலரின் பழைய உருகுநிலைக் கோட்டுக்கு அருகே மறுபடிகமாதல்தான் தொடங்குகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள்.

சரி, லேசர் சக்தியைக் கூட்டியும் வெப்பநிலை ஏறாமல் நின்றால்? அதுவும் போதாது. உள்ளுறை வெப்பத்தால் அவ்வளவு நீளமான தேக்கம் வராது. மாதிரி ஒளியை உறிஞ்சும் விதம் மாறினாலும், சுற்றியுள்ள காப்புப் பொருள் உருகினாலும் அதே தேக்கம்தான் தெரியும்.

கார்பனை மறப்பது

வைரமும் கார்பன்தான். சூட்டில் அது இரும்புக்குள் புகுந்து உருகுநிலையைக் கீழே இழுத்துவிடும். ஆறவிட்ட பிறகு டிஃப்ராக்‌ஷனில் கார்பைடு கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

பிளாங்க் வளைவு பொருந்தினால் போதும் என்பது

மாதிரி வீசும் ஒளியின் நிறமாலையை பிளாங்க் வளைவோடு பொருத்தித்தான் வெப்பநிலையைக் கணக்கிடுகிறோம். லென்ஸில் நிறப்பிறழ்ச்சி இருந்தால் நீல ஒளி ஓரிடத்திலிருந்தும் சிவப்பு ஒளி வேறிடத்திலிருந்தும் வரும். வளைவு அப்போதும் வழவழவென்று பொருந்தும், வெப்பநிலை மட்டும் தவறாக இருக்கும். லென்ஸுக்குப் பதில் ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் பிரதிபலிப்பு ஆப்ஜெக்டிவ் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். ஒளிவீசுதிறன் எல்லா அலைநீளத்திலும் ஒன்றே என்பதும் நாம் வைத்துக்கொண்ட அனுமானம்தான். ஃபிட் தரும் பிழையை வெப்பநிலையின் பிழையாக எழுதாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் சூடாக்குவது

வேண்டாம்.

உலராத பொட்டாசியம் குளோரைடு

மாதிரியைச் சுற்றி வைக்கும் காப்பு உப்பு இது. அடுப்பில் உலர்த்திவிட்டு ஏற்றுங்கள்.

குளிர்ந்த அழுத்தத்தையே எழுதுவது

கலத்துக்குள் வைக்கும் மாணிக்கத் துகளின் ஒளிர்வைக் கொண்டு, சூடாக்கும் முன் அளந்த அழுத்தம், சூட்டில் அப்படியே இருக்காது. வெப்ப அழுத்தம் பல ஜிகாபாஸ்கல் கூட்டிவிடலாம். சூடாக இருக்கும்போதே, பக்கத்தில் இருக்கும் உப்பின் அலகுக்கூட்டுக் கன அளவிலிருந்து (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகின் கன அளவு) கணக்கிடுங்கள். அந்த உப்பு மாதிரியின் அளவுக்குச் சூடாக இருக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.