கிண்ணம் இருந்தால் எல்லாம் ஒபிலியா ஆகிவிடாது

சேலத்துக்குக் கடல் கிடையாது. கடலூரோ புதுச்சேரியோ, எது என்றாலும் சுமார் 200 கிலோமீட்டர். விலங்கியல் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை கரைக்குப் போய்ப் பொறுக்கி வருவதுதான் எங்களுக்குக் கிடைக்கும் ஹைட்ராய்டு, அதாவது செடி போல ஒட்டி வளரும் சிறு கடல் விலங்கு. ஒபிலியா அதில் ஒரு வகை. அதையும் வழியிலேயே கெடுத்துவிட்டால் வயிறு எரிகிறது.

பாட்டிலில் நீர் குறைந்தால் குடிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். ஏரியில், குளத்தில் வாழும் ஹைட்ராவுக்குச் சரி. கடல் ஹைட்ராய்டின் செல்கள் நல்ல தண்ணீரில் உப்பி உடைந்துபோகும். கிளை நுனியில் இரை பிடிக்கும் சிறு உடலான பாலிப் கரைந்து வெறும் கூடுதான் மிஞ்சும். உயிரோடு இருப்பதை நேராக ஃபார்மலினில் போடுவதும் தவறு. பாலிப் சுருண்டு, தன்னைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற கூட்டுக்குள் ஒடுங்கிவிடும், அப்புறம் டென்டக்கிளை (இரை பிடிக்கும் இழைகளை) எண்ணவே முடியாது. மக்னீசியம் குளோரைடு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீரில் சேர்த்து, ஊசியால் தொட்டாலும் அசையாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பதப்படுத்துங்கள்.

பார்வைக்குப் பாசி போல இருப்பதால் பாசி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. லென்ஸ் வைத்தாலே தெரிந்துவிடும். பிரையோசோவா என்ற, இதே போல ஒட்டி வாழும் வேறொரு விலங்கோடுதான் குழப்பம் அதிகம். அதன் டென்டக்கிள்களில் நுண்மயிர்கள் இருக்கும், தொட்டதும் மொத்தமாகச் சட்டென்று உள்ளே போய்விடும். ஹைட்ராய்டு மெதுவாகத்தான் சுருங்கும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது பெயர் வைக்கும் அவசரம். பாடப்புத்தகப் படம் மனதில் பதிந்துவிட்டதால், தண்டில் வளையமும் நுனியில் கிண்ணமும் கண்டவுடனே 'ஒபிலியா' என்று எழுதிவிடுகிறார்கள். கிளைட்டியா, லவோமெடியா என்ற நெருங்கிய ஹைட்ராய்டுகளுக்கும் அதே வளையம், அதே கிண்ணம்தான். இனப்பெருக்கக் கூட்டைத் தேடிப் பாருங்கள். ஒபிலியாவிலிருந்து தட்டையான, பல டென்டக்கிள் கொண்ட மெடுசா (நீந்தித் திரியும் குட்டி ஜெல்லிமீன்) வெளிவரும். கிளைட்டியாவின் மெடுசா மணி வடிவம், வெளிவரும்போது பெரும்பாலும் 4 டென்டக்கிள்தான். லவோமெடியா மெடுசாவை வெளியே விடுவதே இல்லை. கூடு கிடைக்கவில்லையா? பழைய, விரிந்த பொருளில் கம்பனுலாரிடே குடும்பம் என்று எழுதி நிறுத்துங்கள். அதுவும் சரியான விடைதான்.

கிண்ணத்தின் விளிம்பில் பல் இருக்கிறதா என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள். விளிம்பு கண்ணாடி போல இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் டயஃப்ரத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் தெரியும். கிழிந்த விளிம்பும் பல் போலவே தெரியும் என்பதால் நாலைந்து கிண்ணமாவது பாருங்கள்.

டி.என்.ஏ. பார்க்கும் எண்ணமிருந்தால் ஒரு துண்டைத் தனியாக எத்தனாலில் போட்டு வையுங்கள். எதன்மேல் ஒட்டியிருந்தது, கல்லா, சிப்பியா, படகின் அடிப்பலகையா என்பதை லேபிளில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.