காரை லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ராமநாதபுரம் கரையோரத்தாருக்கு

கீழக்கரையிலிருந்து புனேவுக்கும் தொண்டியிலிருந்து டெல்லிக்கும் காரை அனுப்புகிறவர்கள் நெடுஞ்சாலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்தத் தூரம் முழுக்க கார் கண்டெய்னருக்குள் பெல்ட் கட்டி அசையாமல் நிற்கிறது. கீறலும் நசுங்கலும் பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் விழுகின்றன: வீட்டு வாசலிலிருந்து கண்டெய்னர் நிற்கும் இடம் வரை, பிறகு இறக்கிய இடத்திலிருந்து போய்ச் சேரும் வீடு வரை. நம் கரையோரத்துக்கு அந்த முதல் முனையே நூறு கிலோமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்.

ஒரே ஒரு காருக்காகப் பெரிய கண்டெய்னர் லாரி ராமநாதபுரம் வரை வராது. மதுரையிலோ சென்னையிலோ நின்று, வண்டி நிறையும் வரை காத்திருந்து கிளம்பும். கீழக்கரை, தேவிபட்டினம் தெருக்களுக்குள் அது திரும்பவும் முடியாது. ஆகவே கொட்டேஷனில் ‘டோர் பிக்கப்’ என்று எழுதியிருந்தால், ஒரு டிரைவர் பஸ்ஸில் வந்து உங்கள் காரையே மதுரைக்கு ஓட்டிப் போவார் என்றுதான் பல இடங்களில் அர்த்தம். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சாவியைக் கொடுப்பதுதான் முதல் தவறு. வழியில் அந்த டிரைவர் யாரையாவது இடித்துவிட்டால் முதலில் இழுபடுவது உங்கள் காரின் இன்சூரன்ஸ்தான்.

புக் செய்யும்போதே நேராகக் கேளுங்கள்: “மதுரை வரைக்கும் ஓட்டிட்டுப் போவீங்களா, ஏத்திட்டுப் போவீங்களா?” பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டித்தான் போவார்கள் என்றால் டிரைவரின் லைசென்ஸைப் படம் எடுங்கள். ஓடோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் ஒரே படத்தில் தெரியட்டும். மதுரையில் ஏற்றியதும் அதே மாதிரி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக் காரிலேயே இருக்கட்டும். போகலூர், திருப்பாச்சேத்தி சுங்கச்சாவடிகளில் பணம் பிடித்த எஸ்எம்எஸ், கார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று சொல்லிவிடும். திறந்த லாரியில் ஏற்றினால் மட்டும் ஃபாஸ்டேக்கின் மேல் அலுமினிய ஃபாயிலை மடித்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் லாரிக்கும் காருக்கும் சேர்த்துப் பணம் பிடித்துவிடலாம்.

அப்பா வைத்திருந்த அம்பாசிடர், பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பத்மினி, பழைய ஜீப் போன்ற வண்டிகளுக்கு ஒரு கார் மட்டும் ஏற்றும் ஃபிளாட்பெட் வண்டியை வீட்டுக்கே வரவழைப்பதுதான் சரி. செலவு கூடும். ஆனால் பாகம் கிடைக்காத வண்டியைத் தெரியாத கையில் ஓட்டக் கொடுப்பதற்கு எங்களால் சம்மதம் சொல்ல முடியவில்லை.

ஏற்றும் இடத்தில்

கடற்கரை ஊர்க் காருக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. பம்பரில் சின்ன மூடியைத் திறந்தால் டோ ஹூக் (காரை இழுக்கும் கொக்கி) முடுக்கும் மரை தெரியும். வருஷக்கணக்கில் திறக்காமல் உப்புக்காற்றில் அது துருப்பிடித்துப் போயிருக்கும். ஸ்டெப்னியோடு கிடக்கும் ஹூக்கை எடுத்து இரண்டு நாள் முன்னதாகவே முடுக்கிப் பாருங்கள். இறுகினால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, கழற்றி, கிரீஸ் தடவி மறுபடி முடுக்குங்கள். சில கார்களில் இடப்பக்கம் சுற்றினால்தான் ஏறும், பலவந்தம் வேண்டாம். ஹூக் ஏறவில்லை என்றால் ஏற்றுகிற ஆள் வின்ச் (லாரியின் இழுவைக் கயிறு) கொக்கியைச் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மிலோ, அதைத் திருப்பும் டை ராடிலோ மாட்டி இழுப்பார். அப்படி இழுத்த கார் இறங்கியதும் ஒரு பக்கமாக இழுக்கும், ஆக்ஸில் ரப்பர் பூட்டும் கிழிந்திருக்கும். அது எப்போது நடந்தது என்று நிரூபிக்கவும் வழியிருக்காது.

லாரித் தட்டில் கட்டும்போதும் இதே கவனம் வேண்டும். பெல்ட் டயரைச் சுற்றிப் போய்த் தட்டின் கொக்கியில் இறுக வேண்டும். சங்கிலியைச் சஸ்பென்ஷனில் கட்ட வந்தால் தடுத்து நிறுத்துங்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, கியர் முதலாவதில். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துப் போடச் சொல்லாதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து இறக்கும்போது சக்கரம் சுற்றாமல் இழுபட்டு வரும்.

கழுவாமல் அனுப்புவதும் தவறு, கண்ட தண்ணீரில் கழுவுவதும் தவறு. தூசி படிந்த காரில் பழைய கீறல் எது, புதுசு எது என்று படத்தில் தெரியாது. ஆனால் நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை அடியில் பீய்ச்சிவிட்டு, மூடிய கண்டெய்னரின் புழுக்கத்தில் ஒரு வாரம் நிறுத்தினால் துருவை நாமே விதைத்து அனுப்பியதாகிவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்தாவது அடிப்பாகம், சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு மூன்றையும் கடைசியாக அலசுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் ஓடிய வண்டியென்றால் கட்டாயம். அரை நாள் வெயிலில் காயவிட்டு ஏற்றுங்கள்.

திறந்த லாரியில் போகிற காருக்குக் கவர் போட்டுக் கட்டுகிறார்கள். பாசமாகச் செய்வதுதான், ஆனால் செய்யக் கூடாதது. காற்றில் கவர் படபடக்கும்போது அதற்குள் புகுந்த மணல் பெயிண்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆடி மாதக் காற்றில் சொல்லவே வேண்டாம். பெயிண்ட் முக்கியம் என்றால் மூடிய கண்டெய்னருக்குப் பணம் கொடுங்கள். இல்லையென்றால் கவர் இல்லாமல் அனுப்பி, போன இடத்தில் கழுவிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் கால் டேங்க் போதும். டயரில் வழக்கமான காற்று இருக்கட்டும். ஆயில் கசியும் பழைய வண்டி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், இரண்டு அடுக்கு லாரியில் கீழ்த்தட்டில் நிறுத்துவார்கள்.

டிக்கியில் சாமான் வைக்க வேண்டாம். இன்சூரன்ஸ் காருக்குத்தான், உள்ளே இருக்கும் மிக்ஸிக்கும் பட்டுப்புடவைக்கும் இல்லை. கருவாட்டுப் பொட்டலத்தை மகனுக்கென்று டிக்கியில் வைத்து அனுப்பினால், அடைத்த காரின் சூட்டில் அந்த வாடை சீட்டுத் துணிக்குள் இறங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. மேலும் இது இலங்கைக் கடத்தலுக்காகச் சோதனை நடக்கும் கரை. யார் கொடுத்த பார்சலையும் காரில் ஏற்றாதீர்கள். கடல் அட்டை மாதிரி ஏதாவது அதில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கார்க்காரர்.

காகிதத்தில்

லாரி ஆபீசில் கொடுக்கும் எல்.ஆர். ரசீதை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் படியுங்கள். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதம் வந்தால் உரிமையாளர் பொறுப்பு, என்று ஓரத்தில் அச்சடித்திருக்கும். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும், கூடுதல் மதிப்பைச் சொல்லி அதற்கான கட்டணம் கட்டாதவருக்கு, லாரிக் கம்பெனியின் பொறுப்பை வாடகையைப் போல் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. வாடகை 15,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் ஒன்றரை லட்சம். கார் எட்டு லட்சமாக இருந்தாலும் அவ்வளவுதான். ஆகவே காரின் மதிப்பை எல்.ஆரில் எண்ணாக எழுத வையுங்கள், கூடுதல் கட்டணம் கட்டினால் அதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். விற்பனைக்கு அல்ல, சொந்த உபயோக வண்டி என்றும் எழுதட்டும்.

“இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் சார்” என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உங்கள் கார் நம்பர், சேஸிஸ் நம்பர், மதிப்பு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதெல்லாம் போட்ட டிரான்சிட் (வழிப்பயண) இன்சூரன்ஸ் சான்றிதழ் கிளம்பும் முன் கையில் வர வேண்டும். அதில் பெரும்பாலான சேதங்களுக்கும் இடம் தரும் ‘ஏ’ ஷரத்து (Clause A) இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி’ ஷரத்து தீ, மோதல், கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டுமே. ரேம்ப்பில் உரசிய பம்பருக்கு ஒன்றும் வராது. உங்கள் சொந்த பாலிசி முழு பாலிசியாக இருந்தால் லாரியில் போகும்போது ஏற்படும் சேதத்துக்கும் அதில் இடமுண்டு. ஆனால் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போய்விடும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை.

பெரிய கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு ஆள் பிடிக்கிற மோசடிக்காரர்களும் உண்டு. பாதி விலை சொல்லி முன்பணம் வாங்குவார்கள். கார் கையை விட்டுப் போனதும் கூடுதலாகக் கேட்பார்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் பெயரும் எல்.ஆரில் உள்ள பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அசல் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

இறக்கும்போது

கார் லாரித் தட்டில் இருக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி வந்தால் விடியும் வரை நிறுத்தச் சொல்வதில் தப்பில்லை. டெலிவரி தாளில் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று அச்சடித்திருக்கும் இடத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டால் பிறகு பேச முடியாது. முன் இடது கதவில் கீறல், பின் பம்பர் உடைவு என்று இடம் சொல்லி எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ், ஒப்புகையோடு கூடிய ஸ்பீடு போஸ்டில். புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அது போயிருக்க வேண்டும். டெலிவரி ஆன நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

கார் போய்ச் சேர்ந்த வெளிமாநிலத்திலேயே 12 மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பதிவெண்ணை மாற்றியாக வேண்டும். அதற்கு ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. கார் கடன் பாக்கியிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கேட்பார்கள் என்பதால், கார் வீட்டு வாசலில் நிற்கும்போதே இரண்டு மூன்று படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.