ஓடுது, லைட் எரியுது, சத்தம் மட்டும் இல்லை

பெரம்பூரில் ஒரு பெரியவரிடம் ஹெச்ஓ அளவு (1:87) மாடல் ரயில் டீசல் எஞ்சின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓடியது, ஹெட்லைட் எரிந்தது, சத்தம்தான் இல்லை. கன்ட்ரோலரில் எஃப்1, எஃப்2, எஃப்8 என்று எல்லா பட்டன்களையும் அழுத்திப் பார்த்தேன். ஊஹூம்.

ஸ்பீக்கர் போயிருக்கும் என்று மூடியைக் கழற்றினேன். மீட்டரில் 7 ஓம் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரிதான். ஒயரைப் பிரித்து 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டதும் ‘டிக்’ என்றது. அப்படியும் நம்பாமல் ரிச்சி தெருவுக்குப் போய் புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டியது தண்டச் செலவு. மூன்று நாள் போச்சு.

கடைசியில் எஞ்சினை புரோகிராமிங் டிராக்கில் (செட்டிங்குகளைப் படிக்க, மாற்ற உதவும் தனித் தண்டவாளம்) வைத்து, உள்ளே இருக்கும் டீகோடர் சிப்பின் செட்டிங்குகளைப் படித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் எஞ்சின் லேசாகத் துடிக்கும். அதுதான் அதன் பதில். சிவி என்பது எண் போட்ட ஒவ்வொரு செட்டிங். சிவி 8-இல் 151, அதாவது இஎஸ்யூ கம்பெனி டீகோடர். அதில் மொத்த வால்யூம் சிவி 63. அங்கே இருந்தது 0! யாரோ வீட்டில் தூங்குகிறவர்களுக்காகக் குறைத்திருப்பார்கள் போல.

சிவி 8-இல் 8 எழுதி ரீசெட் பண்ணலாம். ஆனால் எஞ்சினைக் கூப்பிடும் எண்ணான அட்ரஸ் 3-க்குத் திரும்பிவிடும். அதனால் 63-இல் மட்டும் 120 எழுதி எஃப்1 அழுத்தினேன். கீழ் வீட்டு அக்கா “என்னப்பா அது?” என்று மேலே வந்துவிட்டார். இப்போது வால்யூம் 60.