வளரும் உடலுக்கேற்ற உடற்பயிற்சி: பதின்பருவத்தினருக்குத் திட்டமிடும் முறை

ஒரே வகுப்பில் படிக்கும் 13 வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தால், ஒருவருக்கு மீசை அரும்பியிருக்கும், அடுத்து நிற்பவருக்குப் பருவ மாற்றம் தொடங்கியே இருக்காது. பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் பருவமடைதல் தொடங்கலாம்; இவை அனைத்தும் இயல்பானவையே. ஆகவே, பிறந்த தேதியை வைத்துப் பயிற்சியை வகுக்கும் பழக்கத்தைப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் முதலில் கைவிட வேண்டும். பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது உடல் இப்போது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதுதான்.

அதை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, காலணி இல்லாமல், குதிகாலும் முதுகும் சுவரைத் தொடும்படி நிற்க வைத்து உயரத்தை அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். மாலைக்குள் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி உயரம் சற்றுக் குறைந்துவிடும் என்பதால், எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது. பருவமடையும் முன் பிள்ளைகள் பொதுவாக ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை வளர்கிறார்கள். வளர்ச்சி உச்சத்தை எட்டும்போது பெண்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டரும், ஆண்கள் 9 முதல் 10 சென்டிமீட்டரும் வளர்கிறார்கள். சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதையொட்டியும், ஆண்களுக்கு 14 வயதையொட்டியும் இந்த உச்சம் வருகிறது. மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் வேகமான கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அளவில் சிறு பிழை நேர்வது எளிது என்பதால், அடுத்த அளவையும் சேர்த்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பெண் வயதுக்கு வந்த பிறகுதான் உயரத் தொடங்குவாள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முதல் மாதவிடாய் வரும்போது உயர வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். அதன் பின் கூடுவது சில சென்டிமீட்டர்கள் மட்டுமே.

வேகமாக வளரும் கட்டத்தில் பாதங்கள் முந்திக்கொள்கின்றன, கால்கள் அவற்றைத் தொடர்கின்றன, உடற்பகுதி கடைசியாக நீள்கிறது. செருப்பின் அளவு அடிக்கடி மாறுவதே முதல் அறிகுறி. நீண்டுவிட்ட கைகால்களுக்கு மூளை பழகச் சில மாதங்கள் ஆகும் என்பதால், நேற்று வரை லாவகமாக ஓடிய பிள்ளை இன்று தடுமாறலாம். இதைச் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ கண்டிக்கும் பயிற்சியாளர்கள்தான் நல்ல விளையாட்டு வீரர்கள் பலரை மைதானத்திலிருந்து விரட்டுகிறார்கள் என்பது என் கருத்து. எலும்பு முதலில் நீள்கிறது, அதில் தாதுக்கள் படிந்து உறுதியாவது பல மாதங்கள் பிந்தியே நடக்கிறது. எலும்பு முறிவுகள், குறிப்பாக முன்கையில், இக்கட்டத்தில் அதிகமாவதற்கு இது ஒரு காரணம். தசைகளும் தசைநாண்களும் எலும்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விறைத்து, இன்னும் முற்றாத எலும்பு முனைகளை இழுக்கின்றன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் பாதிப்பும், குதிகாலில் வரும் சீவர் பாதிப்பும் இப்படித்தான் தோன்றுகின்றன.

இந்த மாதங்களில் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. அதன் கலவையை மாற்ற வேண்டும். திரும்பத் திரும்பக் குதிப்பதையும் முழுவேக ஓட்டத்தையும் குறைத்து, அந்த நேரத்தை நீச்சல், மிதிவண்டி, ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள், விளையாட்டின் அடிப்படை நுணுக்கங்கள் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். பயிற்சியின்போது தோன்றும் லேசான வலி மறுநாள் காலைக்குள் மறைந்துவிட்டால் தொடரலாம். மறையாவிட்டால் அளவைக் குறையுங்கள். நொண்டுதல், மூட்டு வீக்கம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதே சமயம், குதிப்பதை அறவே விலக்குவதும் தவறு. முதிர்ந்த எலும்பில் இருக்கும் தாதுக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, வளர்ச்சி உச்சத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. தரையில் பாதம் மோதும் செயல்கள் அதற்குத் தூண்டுதல். நீச்சலும் மிதிவண்டியும் இதயத்துக்கு நல்லவை என்றாலும் எலும்புக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் குதிக்க வைக்காமல், சில நிமிடக் கயிறாட்டத்தை வாரத்தின் பல நாட்களுக்குப் பகிர்ந்து வைப்பதே சரியான வழி. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்கள் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

எடைப் பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஆபத்து எடையில் இல்லை. மேற்பார்வையில்லாமல், தூக்க முடிந்த உச்ச எடையைத் தூக்கிப் பார்க்கும் போட்டியில்தான் இருக்கிறது. தண்டால், பஸ்கி போன்ற சொந்த உடல் எடைப் பயிற்சிகளில் தொடங்கி, செய்முறை பிசகாமல் வந்த பிறகு, தடுமாற்றமின்றி 10 முதல் 15 முறை தூக்கக்கூடிய எடையை, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்யலாம். பருவமடையும் முன் வலிமை கூடுவது நரம்புகள் தசைகளைத் திறம்பட இயக்கக் கற்றுக்கொள்வதால்தான். தசை பருப்பதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பெருக வேண்டும். ஆண்களுக்கும் உயரத்தின் உச்சம் கடந்து பல மாதங்கள் கழித்தே தசை வலிமை வேகமெடுக்கிறது என்பதால், ஒல்லியாக இருக்கும் 13 வயதுப் பையனுக்குப் புரதப் பொடி வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. கம்பியில் தொங்கினாலும் உயரம் கூடாது.

பெண்கள் பலர் உடற்பயிற்சியைக் கைவிடுவதும் இந்த வயதில்தான். மார்பக அசைவின் வலி, ஆடையில் கறை படியுமோ என்ற பயம், மற்றவர்களின் பார்வை ஆகியவை பெரும்பாலும் சொல்லப்படாத காரணங்கள். சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா, அடர்நிற விளையாட்டு உடை, உடை மாற்ற மறைவான இடம் ஆகிய மூன்றையும் கேட்காமலேயே ஏற்பாடு செய்யுங்கள். மாதவிடாய் நாட்களில் உடற்பயிற்சிக்குத் தடையில்லை. பலருக்கு வலி குறையவும் செய்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி சீரற்று இருப்பது இயல்பு என்றாலும், மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமல் போனாலோ, 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வராவிட்டாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு உணவின் ஆற்றல் போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்து எலும்பும் நலிகிறது.

ஒரே விளையாட்டில் பயிற்சி பெறுபவருக்கு, வாராந்திரப் பயிற்சி மணிநேரம் அவருடைய வயதின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். இவ்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவமடையும்போது தூக்கம் வரும் நேரமே பின்னிரவை நோக்கி நகர்கிறது என்பதால், விடியற்காலைப் பயிற்சி அந்தத் தூக்கத்தைத்தான் வெட்டுகிறது. முடிந்தால் மாலைக்கு மாற்றுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் உயர வேகம் குறைந்திருந்தால், விலக்கி வைத்த தாவல்களையும் முழுவேக ஓட்டங்களையும் மெல்லத் திரும்பக் கொண்டுவரலாம். எடைப் பயிற்சியில், எடையைக் கூட்டும் வாரத்தில் தூக்கும் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டும் வாரத்தில் எடையைத் தொடாதீர்கள்.