புயற்காற்றில் சேதமடைந்த பழைய தேவாலயத்தைச் சீரமைக்கும் முறை

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையைக் கடந்து பெரும்பாலும் விடியற்காலையில் வீசும் சுமத்ரா காற்று, பினாங்கின் பழைய கட்டடங்களில் கூரையைத்தான் முதலில் பதம் பார்க்கிறது. ஓடு பறந்த மறுநாளே சபையார் சிமெண்டு மூட்டையோடு வந்து நிற்பது நல்லெண்ணத்தால்தான். ஆனால் காற்று செய்ததைவிட அந்த மூட்டை செய்யும் கேடு பெரிது.

மின்சாரத்தைத் துண்டித்து, ஆட்கள் உள்ளே போகாதபடி தடுப்பு வைத்த பிறகு, எதையும் கூட்டி அள்ளுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனம் மட்டுமன்றி, பின்னர் வரும் கொத்தனாரும் தச்சரும் அவற்றைக் கேட்பார்கள். உடைந்த ஓடு, காரைப் பூவேலை, வண்ணக் கண்ணாடி ஆகியவற்றை விழுந்த இடத்தின் பெயரெழுதிப் பெட்டிகளில் வைக்க வேண்டும். கூரைமேல் தார்ப்பாய் விரிக்கும்போது ஓரங்களில் காற்றுப் போக வழி விடாவிட்டால், நனைந்த மரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

தார்ப்பாய், முட்டு ஆகிய தற்காலிகக் காப்புகளோடு நிறுத்திக்கொண்டு, நிரந்தர வேலைக்கு மாநகர் மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரிய நகரம். கட்டடம் தேசியப் பாரம்பரியமாகப் பதிவு பெற்றிருந்தால் 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டமும் பொருந்தும். எந்தக் காலத்து உருவத்துக்கு மீட்பது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் தட்டைக் கூரை, இங்குள்ள மழைக்கு ஒத்துவராமல் 1864இல் சரிவுக் கூரையாக மாற்றப்பட்டது. அத்தகைய மாற்றமும் வரலாறுதான் என்பதால், முதல் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு அதை அகற்றுவது சரியாகாது.

பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பப்பட்டது; அது ஈரத்தை உறிஞ்சி, காற்று பட்டதும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, அதிலுள்ள உப்பு செங்கல்லைப் பொடியாக்கும். எனவே தளர்ந்த பூச்சை மட்டும் நீக்கி, சுவரை நன்றாக உலரவிட்டு, நன்கு ஊறவைத்த சுண்ணாம்பையும் கழுவிய ஆற்றுமணலையும் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்தே இறுகுவதால் அவசரம் பலிக்காது. வெயில் நேரடியாகப் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஓர் அடுக்கு இறுகிய பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். வண்ணமும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கட்டும்; பிளாஸ்டிக் பெயிண்ட் மறுபடியும் ஈரத்தை அடைத்துவிடும்.

கூரை மரத்தில் கரையானும் மக்கலும் சுவருக்குள் புதைந்த நுனியிலிருந்தே தொடங்குவதால், அங்கே குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். மக்கிய பகுதியை மட்டும் அறுத்து, அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டால் போதும். ஓட்டுக்குப் பதிலாகத் தகரம் போடச் சொல்பவர்கள், எடை குறைந்த கூரையைக் காற்று எளிதில் தூக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கூரை ஓரத்து மழைநீர் வடிகாலின் அகலத்தைக் கூரைச் சரிவின் பரப்புக்கு ஏற்பப் பொறியாளரைக் கொண்டு கணக்கிட்டு, மறுதிறப்பு நாளைச் சுவர் உலர்ந்த பிறகே குறிப்பது நல்லது.